கணக்கு சொன்னதைக் கருவியும் சொல்லுமா? இயற்பியல், வானியல், கால்நடை நல ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் படித்தது இயற்பியல். வேலை பார்ப்பது கால்நடை நோய்களைக் கண்டறியும் ஓர் ஆய்வகத்தில். அங்கே வெளியே போகும் எண்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பேன். இந்த மூன்று இடங்களிலும் ஆட்கள் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: இந்த எண்ணை எதை வைத்து நம்புவது? கல்லூரி மாணவர்களும், மாடு வளர்ப்பவர்களும், பள்ளி ஆசிரியர்களும் பல வருடங்களாகக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"மாதிரி" என்று எதைச் சொல்கிறீர்கள்?

தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. மாட்டின் கழுத்திலிருந்து எடுத்த இரத்தமும் மாதிரி, கோள்களின் பாதையைச் சொல்லும் சமன்பாடும் மாதிரி. இந்தப் பக்கத்தில் மாதிரி என்றால் இரண்டாவதுதான்: உலகத்தின் ஒரு சிறு பகுதி இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று எழுதிவைத்த கணக்கு. இரத்தம், பால், திசு எல்லாவற்றையும், ஆய்வகத்தில் எல்லோரும் சொல்கிறபடி சாம்பிள் என்றே எழுதுகிறேன்.

மாதிரிக்கு நான் கேட்கும் தகுதி ஒன்றுதான். எந்த எண் வந்தால் தான் தோற்றுப்போனதாக ஒப்புக்கொள்ளும் என்பதை அது அளப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். என்ன வந்தாலும் "அதுவும் என் கணக்குக்குள் அடங்கும்" என்று சொல்லும் மாதிரியைச் சோதிக்க வழியே இல்லை.

ஒரு மாதிரி ஒருமுறை அற்புதமாகப் பலித்துவிட்டால் அதை நம்பிவிடலாம்தானே?

இதற்கு வானியல் வரலாற்றில் ஒரே மனிதரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்கு சொன்ன இடத்தில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. பாரிஸில் இருந்த வானியலாளர் லெ வெரியே, அதற்கு அப்பால் தெரியாத ஒரு கோள் இருந்து இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். அவருடைய கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வான்காணகத்தில் இருந்த காலேயின் கைக்குக் கிடைத்தது. அன்றிரவே தொலைநோக்கியைத் திருப்பினார்கள். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள், நட்சத்திர வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி. அதுதான் நெப்டியூன்.

அப்புறம் அதே லெ வெரியே புதனைக் கையில் எடுத்தார். புதனின் பாதையும் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. சூரியனுக்கு மிக அருகில் அது வரும் புள்ளி, தெரிந்த எல்லாக் கோள்களின் இழுப்பையும் கழித்த பிறகும், ஒரு நூற்றாண்டுக்குக் கூடுதலாக நகர்ந்தது. இன்றைய கணக்கில் அந்தக் கூடுதல் 43 விகலை; ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு. அதே வழியில் யோசித்து, சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்கிறது என்றார். வல்கன் என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. பார்த்துவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. சூரிய கிரகணம் வந்தபோதெல்லாம் பத்தாண்டுக் கணக்கில் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டிலிருந்து அந்த 43 விகலையைப் பெற்றார், எந்தக் கோளையும் புதிதாகச் சேர்க்காமல்.

முதல் முறை தரவில் ஒரு கோள் விடுபட்டிருந்தது. இரண்டாம் முறை கோட்பாடே போதவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரியான விலகல்தான். போய்த் தேடிப் பார்க்கிற வரைக்கும் எது எது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நல்ல கருவி, பத்து முறை அளந்தாலும் ஒரே எண். அப்புறம் என்ன சந்தேகம்?

பால் சொசைட்டியில் பால்மானியைப் பார்த்திருப்பீர்கள். அது எந்த வெப்பநிலைக்குச் சரியாகக் காட்டும் என்று அதன் மேலேயே குறித்திருக்கும். கறந்த சூடு ஆறாத பாலில் அதை மிதக்கவிட்டால் கொஞ்சம் கூடுதலாக அமிழும், எண் குறையும், தண்ணீர் கலந்த பால் போலத் தெரியும். பத்து முறை மிதக்கவிட்டாலும் அதே குறைந்த எண்தான் வரும். அந்தப் பத்து எண்களின் ஒற்றுமையைப் பார்த்து, பால் கொண்டுவந்த அம்மாவைத் திருடி என்று முடிவுகட்டினால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! தண்ணீர் கலந்தாரா என்று கேட்பதற்கு முன், பால் எத்தனை டிகிரி என்று கேட்டிருக்க வேண்டும்.

அங்குமிங்கும் சிதறும் பிழை, அளவைத் திரும்பத் திரும்ப எடுத்தால் குறையும். ஒரே பக்கம் சாய்க்கும் பிழை ஆயிரம் முறை அளந்தாலும் அசையாது. அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார். அவர் 1913இல் தந்த எண், இன்றைய அலகில் சொன்னால், 1.592, சரியான எண் 1.602 (இரண்டையும் 10இன் அடுக்கு −19ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், அலகு கூலும்). அவர் தன் பிழை வரம்பாகச் சொன்னது 0.2 சதவீதம். உண்மையான பிழை 0.6 சதவீதம். துளிகளை அவர் கவனமாகத்தான் அளந்தார். கணக்கில் போட்ட காற்றின் பாகுநிலை எண்தான் (துளியின் ஓட்டத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) தவறு. அது எல்லாத் துளிகளையும் ஒரே பக்கம் தள்ளியது.

ஒளியைவிட வேகமாகப் போன நியூட்ரினோ என்று ஒரு செய்தி வந்ததே, அது என்ன ஆயிற்று?

இதைக் கேட்டால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி, ஏனென்றால் எல்லாப் பாடமும் இதில் இருக்கிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து பூமிக்குள்ளாகவே நியூட்ரினோக்களை, அதாவது எதையும் ஊடுருவிப் போகும் மிகச் சிறிய துகள்களை, அனுப்பினார்கள். ஏறத்தாழ 730 கி.மீ. தள்ளி, இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் ஓபெரா என்ற கருவி அவற்றைப் பிடித்தது. ஒளிக்கு இந்தத் தூரம் 2.4 மில்லி வினாடி. நியூட்ரினோக்கள் அதைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்துவிட்டதாக 2011 செப்டம்பரில் அறிவித்தார்கள். தூரமாகச் சொன்னால் 18 மீட்டர் முந்திவிட்டது. மூன்று ஆண்டுத் தரவு அது. சிதறல் பிழை மிகச் சிறியது.

காரணம் ஒரு கண்ணாடி இழைக் கேபிள். வெளியே உள்ள ஜிபிஎஸ் கருவியின் நேரத்தை மலைக்கு உள்ளே இருக்கும் கடிகாரத்துக்குக் கொண்டுபோகும் கேபிள் அது. அதன் இணைப்பு முழுதாகத் திருகப்படவில்லை. சிறு இடைவெளி, அதனால் உணரிக்கு வந்து சேரும் ஒளி குறைவு, உணரி "வந்துவிட்டது" என்று சொல்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம் கூடுதல். அந்தத் தாமதம் மட்டும் 70 நானோ வினாடிக்கு மேல். கடிகாரத்தின் துடிப்பிலும் சிறு கோளாறு இருந்தது, அது எதிர்ப்பக்கம் சாய்த்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்த 60. கேபிளைத் திருகியதும் வித்தியாசம் மறைந்தது. அதே மலைக்கு அடியில் இருந்த இக்காரஸ் என்ற வேறொரு குழு 2012இல் தனியாக அளந்து, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்று உறுதிசெய்தது.

கேபிள் தெரியவருவதற்கு முன்பே பலரும் சந்தேகப்பட்டதற்கு வானத்திலிருந்து வந்த ஒரு காரணம் உண்டு. 1987 பிப்ரவரியில் நம் பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது, சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில். அதிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்னதாக வந்தன. வெடிப்பின் ஒளி நட்சத்திரத்தின் மேற்பரப்புக்கு வந்துசேரத் தாமதமாகும் என்பதால் அது எதிர்பார்த்ததுதான். ஓபெரா சொன்ன வேகம் அவற்றுக்கும் இருந்திருந்தால் நான்கு ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும். ஆற்றல் வேறு என்பதால் இது முழுத் தீர்ப்பு ஆகாது. ஆனாலும் நல்ல குறுக்கு விசாரணை.

ஓபெரா குழுவைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாதக்கணக்கில் தேடியும் தவறு கிடைக்காதபோது "எங்களுக்குப் புரியவில்லை, நீங்களும் பாருங்கள்" என்று எண்களைப் பொதுவில் வைத்தார்கள். பின்னர் தங்கள் கேபிளைத் தாங்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். மூடி மறைத்த எண்ணை யாரால் திருத்த முடியும்?

இயற்பியலில் "5 சிக்மா" என்றால் உறுதி என்கிறார்களே?

வெறும் தற்செயலால் இப்படி ஒரு மேடு தரவில் தோன்றும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று என்று பொருள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளை அறிவித்தது அந்த அளவில்தான். அவ்வளவு கடுமையாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆயிரம் இடத்தில் தேடினால் எங்காவது ஒரு பொய் மேடு தெரியத்தான் செய்யும். 2015 டிசம்பரில் அதே செர்னில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அளவின் அருகே ஒரு மேடு தெரிந்தது. நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்தன. மறு ஆகஸ்டில் கூடுதல் தரவு சேர்ந்ததும் மேடு கரைந்துபோனது.

ஆனால் சிக்மா தற்செயலிலிருந்துதான் காக்கும். ஓபெராவின் முடிவு 6 சிக்மா. சரியாகத் திருகாத கேபிள் சிக்மாவுக்குத் தெரியாது.

வர வேண்டிய விடை முன்பே தெரிந்திருந்தால் மனசு அந்தப் பக்கம் சாயாதா?

சாயும். நேர்மையானவர்களுக்கும் சாயும். மில்லிகனுக்குப் பிறகு அளந்தவர்களைப் பற்றி இயற்பியலாளர் ஃபெய்ன்மன் 1974இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் பேசினார்: மில்லிகனைவிட அதிகமாக எண் வந்தால் எங்கே தவறு என்று தேடினார்கள், அவருக்குப் பக்கத்தில் வந்தால் அவ்வளவு தேடவில்லை, அதனால் எண் மெல்ல மெல்லத்தான் உயர்ந்தது என்றார். அதனால் இப்போது விடையை ஆய்வாளர் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறார்கள்.

ஃபெர்மி ஆய்வகத்தில் மியுவான் என்ற துகளின் காந்தத் தன்மையை அளந்த குழு செய்ததைப் பாருங்கள். தங்கள் கடிகாரம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்ற சரியான எண்ணே அவர்களுக்குத் தெரியாது. குழுவுக்கு வெளியே இரண்டே பேருக்குத் தெரியும். அது உறையில் போட்டு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. எல்லாப் பகுப்பாய்வும் முடிந்து, இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகே உறையைப் பிரித்தார்கள். 2021இல் வந்த முதல் முடிவு, அப்போதிருந்த கோட்பாட்டுக் கணிப்பிலிருந்து விலகியிருந்தது. 2025இல் கடைசி முடிவு இன்னும் கூர்மையாக, முன்பு சொன்ன அதே இடத்தில் வந்தது. இதற்கிடையே கோட்பாட்டுக் கணிப்பைப் புதிய முறையில் போட்டவர்களின் எண் அளவீட்டை நோக்கி வந்துவிட்டது. இங்கே கருவி நின்ற இடத்திலேயே நின்றது, நகர்ந்தது கணக்கு.

ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ குழு இன்னும் ஒரு படி மேலே போனது. 2010 செப்டம்பர் 16 அன்று கருவியில் அருமையான ஒரு சைகை. மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கானவர்கள் உழைத்து ஆராய்ந்தார்கள், கட்டுரைகூட எழுதித் தயாராக வைத்தார்கள். 2011 மார்ச்சில் எல்லோரும் கூடி உறையைப் பிரித்தபோது, அது ஒரு சிலர் மட்டும் அறிந்து வேண்டுமென்றே புகுத்திய போலிச் சைகை என்று தெரிந்தது. உண்மையான சைகை வந்தால் நம்மால் பிடிக்க முடியுமா, பொறுமையாக ஆராய்வோமா என்ற சோதனை அது. கருவியோடு சேர்த்து மனிதர்களையும் சோதித்தார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று, 4 கி.மீ. நீளக் கைகள் கொண்ட இரண்டு கருவிகளிலும் 7 மில்லி வினாடி இடைவெளியில் உண்மையான சைகை வந்தபோது அவர்கள் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று, "இதையும் யாராவது புகுத்தினீர்களா?" என்பதுதான்.

வானத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவர முடியாதே. அங்கே எப்படிச் சோதிப்பது?

ஒரே பொருளை வேறு வேறு வழியில் அளந்துதான். 2014 மார்ச்சில், தென் துருவத்தில் இருந்த பைசெப்2 தொலைநோக்கி, பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைத் தடயத்தைப் பார்த்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அவர்கள் ஒரே ஓர் அலைநீளத்தில்தான் பார்த்தார்கள். பல அலைநீளங்களில் பார்த்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சைகையை நம் பால்வெளியின் தூசியை வைத்தே விளக்கிவிட முடியும் என்று 2015 தொடக்கத்தில் தெளிவானது. கருவி பார்த்தது உண்மை. எதைப் பார்த்தது என்ற விளக்கம்தான் நிற்கவில்லை.

தீராத வழக்கும் உண்டு. பிரபஞ்சம் விரியும் வேகத்தைத் தொடக்ககால ஒளியிலிருந்து கணக்கிட்டால் 67 அளவில் வருகிறது. அருகில் உள்ள துடிப்பு நட்சத்திரங்கள், வெடிக்கும் நட்சத்திரங்கள் வழியாகப் படிப்படியாக அளந்தால் 73 அளவில் வருகிறது (ஒரு மெகாபார்செக், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு, வினாடிக்கு இத்தனை கி.மீ. என்ற அலகில்). நட்சத்திர நெரிசலால் ஹபிள் தொலைநோக்கி ஏமாந்திருக்குமோ என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் சரிபார்த்தார்கள். வித்தியாசம் அதனால் போகவில்லை. இது வல்கன் கதையா நெப்டியூன் கதையா என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் ஆவலோடு பின்தொடர்கிறேன்.

டெஸ்டில் பாசிட்டிவ் என்று வந்தால் என் மாட்டுக்கு நோய் உறுதிதானே?

என் வேலையில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அதிகம் கண்கலங்கக் கேட்கும் கேள்வியும் இதுதான். கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுவோம்.

ஒரு பகுதியில் 1000 மாடுகள். நோய் 1 சதவீதம், அதாவது 10 மாடுகளுக்கு. நம் சோதனை நோயுள்ள 100 மாட்டில் 90ஐப் பிடிக்கும். நோயில்லாத 100இல் 95ஐச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும். கேட்க நல்ல சோதனைதான். இப்போது நோயுள்ள 10இல் 9 பாசிட்டிவ். நோயில்லாத 990இல் ஏறத்தாழ 50 பாசிட்டிவ். ஆக, பாசிட்டிவ் வந்த 59இல் உண்மையில் நோயுள்ளவை 9 மட்டுமே. அதே சோதனையை நோய் 30 சதவீதம் பரவிய இடத்தில் செய்தால் 305 பாசிட்டிவில் 270 உண்மை. ஒரே கிட், ஒரே ஆய்வகம், ஒரே கை. பதிலின் எடை மட்டும் எங்கிருந்து சாம்பிள் வந்தது என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது.

அதனால்தான் முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், வேறு வழியில் வேலை செய்யும் இரண்டாவது சோதனை கேட்கிறோம். தாமதப்படுத்துவதற்காக அல்ல.

மாட்டுக் காசநோய்க்கான தோல் சோதனையில் அளவீடு என்பது எவ்வளவு கைவேலை என்று பார்க்கலாம். கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரைக் கத்தரித்து, தோலை மடித்து, காலிப்பரால் தடிமனை அளந்து குறித்துக்கொள்வார்கள். ஓர் இடத்தில் மாட்டுக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலின் (கிருமியிலிருந்து எடுத்த புரதம்) ஊசி, மற்றதில் பறவைக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலின். 72 மணி நேரம் கழித்து அதே இடங்களை மீண்டும் அளப்பார்கள். பிரிட்டனில் வழக்கமாகப் பின்பற்றும் வரையறைப்படி, மாட்டுக் கிருமி இடத்தின் வீக்கம் மற்றதைவிட 4 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இருந்தால் பாசிட்டிவ். அந்த 4 மி.மீ. காலிப்பரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதிலேயே கூடலாம், குறையலாம். மாடு துள்ளும். கயிறு பிடித்தவர் அவசரப்படுத்துவார். அதனால் முதல் நாள் அளந்தவரே மூன்றாம் நாளும் அளப்பது நல்லது.

உங்கள் ஆய்வகத்திலேயே தவறிய அனுபவம் உண்டா?

உண்டு, அது என் தவறு. எலிசா சோதனையை, அதாவது இரத்தத்தில் நோயின் எதிர்ப்புப் பொருள் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் சோதனையை, 96 குழிகள் உள்ள ஒரு தட்டில் செய்வோம். சாம்பிள்களை வந்த வரிசையிலேயே நிரப்பச் சொல்லியிருந்தேன். ஒரே ஊரிலிருந்து வந்த 11 சாம்பிள்களும் தட்டின் மேல் ஓர வரிசையில் விழுந்தன. 5 பாசிட்டிவ். அந்த ஊரில் கருச்சிதைவு நோய் பரவுகிறது என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன்.

உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரக் குழிகள் எல்லாமே, மற்ற ஊர்களின் சாம்பிள்கள் இருந்தவையும்கூட, நடுவில் உள்ளவற்றைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருந்தன. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தட்டை அப்படியே வெப்பப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். ஓரம் முதலில் சூடாகும், நடு பிந்தும். அதனால் ஓரத்தில் நிறம் முந்திக்கொண்டது. தட்டை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, சாம்பிள்களைக் கலைத்துப்போட்டு மறுபடி செய்தோம். பாசிட்டிவ் ஒன்றே ஒன்று. அன்றிலிருந்து எந்த ஊரும் எந்தத் தட்டிலும் ஒரே வரிசையில் உட்காருவதில்லை.

ஒரு நோய் "இல்லை" என்று எப்படி நிரூபிப்பது?

முழுமையாக நிரூபிக்க முடியாது. இருந்தால் இவ்வளவுக்கும் கீழேதான் என்று சொல்லலாம். 300 மாடுகளைச் சோதித்து 300உம் நெகட்டிவ் என்றால், நோய் 1 சதவீதமோ அதற்கு மேலோ இல்லை என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 0.99ஐ 300 முறை பெருக்கிப் பாருங்கள், 0.05க்குச் சற்றுக் கீழே வரும். அதுதான் அடிப்படை.

மாட்டு வெக்கை நோய் இப்படித்தான் முடிவுக்கு வந்தது. நம் தாத்தா காலத்தில் மந்தை மந்தையாக மாடுகளைக் கொண்டுபோன நோய். இதில் ஒரு துணிச்சலான கட்டம் உண்டு: தடுப்பூசி போட்ட மாட்டின் இரத்தத்திலும் எதிர்ப்புப் பொருள் இருக்கும், நோய் வந்துபோன மாட்டிலும் இருக்கும். தடுப்பூசி தொடரும் வரை நோய் ஒளிந்திருக்கிறதா என்று இரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே தடுப்பூசியையே நிறுத்திவிட்டுத் தேட வேண்டியிருந்தது. இந்தியாவில் கடைசியாக நோய் கண்டது 1995இல். உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் இது.

கழுகுகள் மாட்டு மருந்தால் அழிந்தன என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மாதிரியும் அளவீடும் கைகோத்து வேலை செய்ததற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இது.

1990களில் பாறு கழுகுகள், அதாவது இறந்த கால்நடைகளைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பிணந்தின்னிக் கழுகுகள், வேகமாகக் குறையத் தொடங்கின. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் இது முதலில் கவனமாகப் பதிவானது. ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். வைரஸைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இறந்த பறவைகளைத் திறந்து பார்த்தால் பலவற்றில் ஒரே காட்சி: சிறுநீரகத்தின் மீதும் கல்லீரலின் மீதும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படிவு. யூரிக் அமிலம் அது. சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது.

பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, கால்நடைக்குப் போட்டு, கழுகின் வயிற்றுக்குப் போகக்கூடிய, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து எது என்று தேடியது. வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபினாக் மாட்டிக்கொண்டது. வெள்ளைப் படிவோடு இறந்த 25 கழுகுகளைச் சோதித்தார்கள், 25இலும் மருந்து இருந்தது. படிவு இல்லாமல் வேறு காரணத்தால் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. அதோடு நிறுத்தாமல், மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியைக் கழுகுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே படிவோடு இறந்தன. கட்டுரை 2004இல் வெளியானது.

சரி, மருந்து கொல்கிறது. ஆனால் கோடிக்கணக்கான மாடுகளில் சிலவற்றுக்குத்தானே சாகும் தறுவாயில் ஊசி போடுகிறோம், அது ஓர் இனத்தையே அழிக்குமா? இங்கேதான் மாதிரி வந்தது. ரைஸ் கிரீனும் உடன் ஆய்வாளர்களும் அதே ஆண்டில் கணக்கிட்டு, 130 முதல் 760 சடலங்களில் ஒன்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே கண்ட வீழ்ச்சிக்குப் போதும் என்றார்கள். நம்பக் கடினமாக இருக்கும். நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு கழுகு மூன்று நாளுக்கு ஒருமுறை சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 120 சாப்பாடு. 200 சடலத்தில் ஒன்று நஞ்சு என்றால், 0.995ஐ 120 முறை பெருக்க, வருடக் கடைசியில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 55 சதவீதம். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவைக்கு இது தாங்காது.

இந்த மாதிரி தோற்க வழி வைத்திருந்தது. சடலங்களில் மருந்து அதைவிட அரிதாக இருந்திருந்தால் காரணம் வேறு என்று ஆகியிருக்கும். போய் அளந்தார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் எடுத்த 1,848 கல்லீரல் சாம்பிள்களில் சுமார் 10 சதவீதத்தில் டைக்ளோஃபினாக் இருந்தது. எல்லாமே கொல்லும் அளவு அல்ல. ஆனாலும் கணக்கு கேட்டதற்கு மேலேயே இருந்தது.

2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தன. அதே வேலை செய்யும் மெலாக்சிகாம் என்ற மருந்து பாறு கழுகுகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்று கழுகுகளிலேயே சோதித்து உறுதிசெய்த பிறகுதான் அதை மாற்றாகச் சொன்னார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போடும் பழக்கம் தொடர்ந்ததால், 2015இல் ஊசி மருந்தை 3 மி.லி. அளவுக்குச் சுருக்கினார்கள். நம் நீலகிரிக்குக் கீழே மோயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. உங்கள் மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். குப்பியை வாங்கிப் படியுங்கள்.

கணினி மாதிரியை நம்பி மாடுகளைக் கொன்றது சரியா?

2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது நடந்ததைக் கேட்கிறீர்கள். நோய் கண்ட பண்ணைகளோடு, அவற்றை ஒட்டிய பண்ணைகளின் கால்நடைகளையும் விரைந்து கொல்ல வேண்டும் என்று மாதிரிகள் சொன்னன. 60 லட்சத்துக்கு மேல் விலங்குகள் கொல்லப்பட்டன. அதனால்தான் நோய் அடங்கியது என்பவர்களும், அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது என்பவர்களும் இன்னும் வாதிடுகிறார்கள். நோய் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில வாரங்களில் போட்ட கணக்கு அது. ஒதுக்கிவைத்த வேறு தரவில் அதைச் சோதித்துப் பார்க்க அவகாசமே இல்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட மாதிரிகளை நோய் இல்லாத காலத்திலேயே செய்து, பழைய நோய்ப்பரவல்களின் தரவில் ஓட்டி வைத்திருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

அதே நாட்டில் களத்தில் சோதித்த இன்னொரு கதையும் உண்டு. பேட்ஜர் என்ற வளை தோண்டி வாழும் விலங்கு மாடுகளுக்குக் காசநோயைப் பரப்புகிறது. அதைக் குறைத்தால் நோய் குறையும் என்பது இயல்பாகத் தோன்றும் கணக்கு. 1998இல் தொடங்கி, தலா சுமார் 100 சதுர கி.மீ. உள்ள 30 பகுதிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து மூன்று விதமாக நடத்தினார்கள். நோய் கண்ட பண்ணையைச் சுற்றி மட்டும் பேட்ஜர்களைக் கொன்ற பகுதிகளில் மாட்டு நோய் கூடியதாகத் தெரிய, 2003இல் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். முழுப் பகுதியிலும் கொன்ற இடங்களில் உள்ளே குறைந்தது, எல்லைக்கு வெளியே கூடியது. மிஞ்சிய பேட்ஜர்கள் கலைந்து தூரமாக அலைந்ததே காரணம் என்று விளக்கினார்கள். அந்தத் தரவை எப்படிப் பகுப்பது என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. தரவு திறந்து கிடப்பதால்தான் அப்படி விவாதிக்க முடிகிறது.

பள்ளியில் மாணவர்களை வைத்து இதையெல்லாம் செய்து காட்ட முடியுமா?

தனி ஊசல் போதும். பல பதிவேடுகளில் புவிஈர்ப்பு முடுக்கம் 980 (செ.மீ./வினாடி² அலகில்) என்று வரும்படி நேரத்தைப் பின்னாலிருந்து எழுதிவிடுகிறார்கள். சென்னையின் அட்சரேகையில் உண்மையான எண் ஏறத்தாழ 978.3. அதாவது கவனமாக அளந்த பிள்ளைதான் தன் சரியான எண்ணை அடித்துவிட்டுத் தவறானதை எழுதுகிறது. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம்.

இரண்டு எண்ணையும் பிரித்தறிய 1 மீட்டர் ஊசலில் 50 அலைவு போதாது, வித்தியாசம் 0.1 வினாடிக்கும் கீழே, கை அதைவிடத் தாமதிக்கும். 200 அலைவு எண்ணுங்கள். வீச்சைச் சில பாகைக்குள் வையுங்கள், நீளத்தை அரை மி.மீ.க்குள் அளக்கப் பாருங்கள். அப்புறம் முக்கியமாக, ஒருவர் நீளத்தை அளந்து கவரில் போட்டு ஒட்டட்டும். மற்றவர் நேரத்தை மட்டும் எடுக்கட்டும். நேரத்தைப் பேனாவால் எழுதி முடித்த பிறகு கவரைப் பிரியுங்கள்.

இப்படிச் செய்த இரண்டு ப்ளஸ் ஒன் மாணவிகளுக்கு 968 வந்தது. முகம் வாடிப்போனது. நேரத்தில் கை வைக்க முடியாது, பேனாவால் எழுதியாயிற்று. அரை மணி நேரம் தேடினார்கள். கவருக்குள் இருந்தது நூலின் நீளம் மட்டும். குண்டின் மேல் கொக்கி வரைக்கும்தான் அளந்திருந்தார். கொக்கியிலிருந்து குண்டின் மையம் வரை 1 செ.மீ. அதைச் சேர்த்ததும் 978 வந்தது. இரண்டு எண்ணும் அந்தப் பதிவேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன, நடுவில் "குண்டின் மையம் வரை" என்று சிவப்பு மையில் ஒரு குறிப்போடு.